காலி வீதியைத் திருத்துவதானால் ஒழுங்கை முகப்பிலிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் பாதசாரி ஒருவர் அடிபட்டால், சாரதி கவனமின்றி வந்தார் என்றோ கடந்தவர் கவனமின்றி இறங்கினார் என்றோ மறுநாள் செய்தி வரும். அந்த இடத்தில் வீதி எத்தனை மீற்றர் அகலம், மூலை எவ்வளவு வளைந்திருந்தது, நடைபாதை எங்கே அறுந்து கிடந்தது என்பதெல்லாம் செய்தியில் இருப்பதில்லை. வீதி அமைப்பிலும் பராமரிப்பிலும் வேலை செய்தவர்கள் என்பதால், விடுபட்டுப் போகும் அந்தப் பகுதியைப் பற்றியே எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். அளவுகளைச் சொல்லாமல் இந்த விடயத்தைப் பேசிப் பயனில்லை.

இந்நாட்டு வீதிகளில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதற்காகக் காலி வீதி ஓர் அடிகூட அகலவில்லை, இரு பக்கமும் கடைகளும் தொடர்மாடிகளும் நிற்பதால் இனி அகலப் போவதுமில்லை. இருக்கும் அகலத்தை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதுதான் மிச்சமுள்ள வேலை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பகுதியில் அதை எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் எங்கள் பதில் ஒன்றே: காலி வீதியில் வந்து சேரும் ஒழுங்கைகளின் முகப்பில்.

முதலில் வேகக் கணக்கைப் பார்த்துவிடுவோம். கட்டடங்கள் நிறைந்த பகுதியில் காருக்குரிய எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர், முச்சக்கர வண்டிக்கு 40. மணிக்கு 50இல் ஓடும் கார் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கும். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு செக்கன் போதும் என்று சாரதிக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு செக்கனில் 14 மீற்றர் போய்விடுகிறது. காய்ந்த தாரில் வண்டி நிற்க இன்னும் 14 மீற்றர் வேண்டும். மொத்தம் 28. மணிக்கு 30இல் வந்தால் இதே கணக்கு 8 மீற்றரும் 5 மீற்றருமாக 13இல் முடிந்துவிடும். ஆகவே 14 மீற்றர் முன்னால் ஒரு பிள்ளை வீதியில் இறங்கினால், 30இல் வந்த கார் பிள்ளையைத் தொடாமல் நிற்கும். 50இல் வந்த கார் பிள்ளை நிற்கும் இடத்தை அடையும்போதுதான் அதன் பிரேக் பிடிக்கத் தொடங்குகிறது. அடிக்கும் வேகம் குறையாத 50. மழை பெய்து தார் நனைந்திருந்தால் இந்தத் தூரங்கள் ஏறத்தாழ 38 மீற்றராகவும் 17 மீற்றராகவும் நீளும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இந்தக் கணக்கின் தொடர்ச்சிதான்.

வேகத்தைப் பலகை குறைப்பதில்லை. பொலிஸார் நிற்கும் மணிநேரத்தில் தண்டப்பணம் குறைக்கும், அவர்கள் போனதும் பழைய கதைதான். சாரதி எந்த வேகத்தில் போகிறார் என்பதைப் பெரும்பாலும் முன்னால் தெரியும் அகலமும் வளைவுமே தீர்மானிக்கின்றன.

இனி ஒழுங்கை முகப்பு. வெள்ளவத்தையில் காலி வீதி நடைபாதையில் போகிறவரை, கடல் பக்கமானால் ஸ்டேசன் வீதி, இராமகிருஷ்ண வீதி என்று ஒன்று மாறி ஒன்று குறுக்கிடும். ஒவ்வொன்றிலும் நடைபாதை அறுகிறது, ஓரக்கல்லால் இறங்கித் தாரில் நடந்து மறுபடி ஏற வேண்டும். காலி வீதியில் ஓடிவந்த கார் வேகம் குறையாமல் உள்ளே திரும்புவதும் அதே இடத்தில்தான். மூலை அகல வெட்டப்பட்ட ஒரு முகப்பை எடுத்துக்கொள்வோம். ஒழுங்கையின் அகலம் 6 மீற்றர், மூலை வளைவின் ஆரம் 9 மீற்றர். காலி வீதி ஓரக்கல்லிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே நேராக நடந்து வருபவர் தாரில் கடக்க வேண்டிய தூரம் 6 மீற்றர் என்றுதான் தோன்றும். இரு மூலையிலும் வளைவு தின்னும் பங்கைச் சேர்த்தால் அது ஏறத்தாழ 16 மீற்றர். மூலை ஆரத்தை 3 மீற்றராக்கினால் அதே ஒழுங்கையைக் கடக்கும் தூரம் 7.5 மீற்றராகக் குறையும். செக்கனுக்கு 0.8 மீற்றர் நடக்கும் முதியவருக்கு முன்னையது 20 செக்கன், பின்னையது 9 செக்கன். வண்டியின் பக்கத்திலும் கணக்கு மாறுகிறது. 9 மீற்றர் வளைவில் கார் மணிக்கு 25 கிலோமீற்றரை நெருங்கிய வேகத்திலும் சிரமமின்றித் திரும்பும். 3 மீற்றர் மூலையில் 15க்கு மேல் போனால் உள்ளே இருப்பவர்களே கத்துவார்கள். ஒழுங்கை ஒடுங்கவில்லை, ஒரு வாகனத் தடமும் குறையவில்லை. மூலையில் ஓரக்கல்லை நகர்த்தியதோடு சரி.

குப்பை லொறியும் தீயணைப்பு வண்டியும் எப்படித் திரும்பும் என்ற கேள்வி எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும். நியாயமான கேள்வி. உயர்ந்த ஓரக்கல்லை 3 மீற்றர் ஆரத்தில் வையுங்கள். அதற்கு வெளியே, பழைய வளைவு வரை உள்ள இடத்தைக் கரடுமுரடான கல் பதித்து, தாரிலிருந்து 30 அல்லது 40 மில்லிமீற்றர் மட்டும் உயர்த்துங்கள். கார்ச் சாரதி அதிர்வை விரும்பாமல் விலகிப் போவார். லொறியின் பின்சக்கரம் தேவையானபோது அதன்மேல் ஏறி இறங்கும். ஒழுங்கையிலிருந்து வெளியே வரும் வண்டிகளுக்கான நிறுத்தக் கோட்டை 3, 4 மீற்றர் பின்னுக்குத் தள்ளினால், திரும்பும் நீள வண்டிக்கு ஒழுங்கையின் முழு அகலமும் கிடைக்கும்.

அடுத்து, நடைபாதையை முகப்பில் அறுக்காமல் அதே மட்டத்தில், அதே கல்லில் ஒழுங்கைக்குக் குறுக்கே கொண்டு போக வேண்டும். நடப்பவர் இறங்குவதில்லை, கார்தான் ஏறி இறங்குகிறது. யாருடைய இடத்துக்குள் யார் வருகிறார் என்பது சாரதிக்குச் சொல்லாமலே விளங்கிவிடும். ஏறும் சரிவு காலி வீதிப் பக்கம் 60 முதல் 90 சென்ரிமீற்றர் நீளம் போதும், மேடையின் உயரம் 100 முதல் 150 மில்லிமீற்றர். கல் விடயத்தில் இங்கே வழமையாக நடக்கும் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். நடைபாதைக்குரிய 60 மில்லிமீற்றர் இன்டர்லொக் கல்லையே வாகனம் ஏறும் இடத்திலும் பதித்துவிடுகிறார்கள். சில மாதங்களில் கல் புதைந்து, சக்கரத் தடம் குழியாகிறது. வாகனம் ஏறும் இடத்தில் 80 மில்லிமீற்றர் கல், கீழே நன்றாக இறுக்கிய அடித்தளம், ஓரம் முழுவதும் கொங்கிறீட் அணை. அணை இல்லாவிட்டால் மணல் படுக்கை மழைநீரோடு கானுக்குள் போய்விடும், கற்கள் ஒவ்வொன்றாக விலகும்.

மேடை போடும் எந்த வேலையிலும் அதிகம் பிழைப்பது தண்ணீர் போகும் வழி. தாரை உயர்த்தும்போது ஓரத்தில் ஓடும் மழைநீருக்கு மேடை அணையாகிவிடுகிறது. ஒப்பந்தக்காரர் வேலையை முடித்துப் போவார், ஒக்ரோபர் மழை வரும், மூலையில் தண்ணீர் தேங்கும், டெங்குப் பரிசோதகர் வருவார். பிறகு யாரோ ஒருவர் அலவாங்கால் மேடையில் ஒரு வாய்க்கால் வெட்டிவிடுவார், அதோடு மேடையும் கெட்டது. மேடைக்கு மேட்டுப் பக்கத்தில், இரு மூலையிலும் நீர் இறங்கும் குழியை முதலில் கட்டி, கானோடு இணைத்துவிட்டு, பிறகுதான் தளத்தை உயர்த்த வேண்டும். குறுக்கே கம்பித் தட்டு வைப்பதானால் அதன் இடைவெளி 13 மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும், நீள்வாட்டம் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும். இல்லாவிட்டால் சக்கர நாற்காலியின் முன்சக்கரமும் வெள்ளைப்பிரம்பும் அதற்குள் மாட்டும்.

இவ்வளவு எளிய வேலை ஏன் நடப்பதில்லை? காலி வீதி ஏ2 தேசிய வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஒழுங்கை கொழும்பு மாநகர சபையின் பொறுப்பு. வாகனத் தரிப்பும் சமிக்ஞையும் பொலிஸாரைத் தொடாமல் முடியாது. கானுக்குள் நீர்க்குழாய், மின்கம்பி, தொலைபேசி வடம் என்று வேறு மூன்று தரப்பு. முகப்பு இவர்கள் எல்லோருடைய எல்லையிலும் விழுகிறது, அதனால் யாருடைய ஆண்டுத் திட்டத்திலும் விழுவதில்லை. அதிகார சபை தார் போடும்போது தன் எல்லையோடு நிறுத்திக்கொள்ளும். மாநகர சபை ஒழுங்கையைச் செப்பனிடும்போது நாலு அடி முன்னதாகவே நின்றுவிடும். முகப்பை வரைபடத்தில் தனி இடமாகக் குறித்து, இரு மூலையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகக் கொடுப்பது ஒன்றே வழி.

கடவைகளுக்கு வருவோம். பல தடங்கள் உள்ள வீதியில் கடவையின் பெரிய ஆபத்து, நின்றுவிட்ட வண்டிதான். இடது தடத்தில் பஸ் மரியாதையாக நிற்கிறது. பாதசாரி இறங்கி பஸ்ஸின் முகத்தைத் தாண்டுகிறார். வலப்பக்கமாக வந்த மோட்டார் சைக்கிளுக்கு அவரும் தெரியவில்லை, அவருக்கு அதுவும் தெரியவில்லை. கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் காலி வீதியையும் டூப்ளிகேஷன் வீதியையும் ஒருவழியாக்கியதில் எதிர்த்திசை மோதல் குறைந்தது. ஆனால் ஒரே திசையில் பல தடங்கள் பக்கம் பக்கமாக ஓடுவதால் இந்த மறைப்பு ஆபத்து அங்கே கூடுதல், இரவில் நெரிசல் கலைந்ததும் வேகமும் கூடுதல். இதற்கு மூன்று மருந்து உண்டு. நிறுத்தக் கோட்டைக் கடவையின் விளிம்பில் போடாமல் 6 முதல் 10 மீற்றர் பின்னால் போட வேண்டும், பஸ் அங்கே நின்றால் அதன் முகத்துக்கு முன்னால் பார்வை திறக்கும். கடவைக்கு முந்திய அதே தூரத்தில் எந்த வண்டியும் தரிக்கக் கூடாது. அதைக் கோடு போட்டுச் சொல்லாமல், நடைபாதையையே அந்த இடத்தில் வெளியே நீட்டிவிட்டால் காவலுக்கு ஆள் வேண்டாம். மூன்றாவது, பஸ் தரிப்பிடம் கடவைக்கு முன்னால் இருக்கக் கூடாது, கடவையைத் தாண்டித்தான் இருக்க வேண்டும். 100, 101 இலக்க பஸ்களிலிருந்து இறங்குகிறவர்கள் பஸ்ஸின் பின்பக்கமாகக் கடக்கும்படி அமைந்தால் பாதி ஆபத்து தீர்ந்தது. இருவழி வீதியில் நடுவே 1.8 மீற்றர் அகலத்துக்குக் குறையாத தீவு ஒன்றும் வேண்டும். அதற்குக் குறைந்தால் குழந்தை வண்டியும் சைக்கிளும் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

கடவைக் கோடுகளைச் சாதாரண வர்ணத்தில் பூசுவது பணத்தை மழையில் கரைப்பதாகும். பஸ் ஓடும் தடத்தில் சில மாதங்கள்கூடத் தாங்காது. சூடாக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக், ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்பில், கண்ணாடி மணி தூவியது வேண்டும். வழுக்காத மணலும் கலந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மழையில் மோட்டார் சைக்கிள்காரர் விழுவார்.

சமிக்ஞை விளக்குகளில் சிக்கல் வேறு விதம். 14 மீற்றர் வீதியைச் செக்கனுக்கு 1.2 மீற்றர் நடப்பவர் 12 செக்கனில் கடப்பார், 0.8 மீற்றர் நடப்பவருக்கு 17 செக்கனுக்கு மேல் வேண்டும். பச்சையை இளைஞரின் நடைக்கு அளந்து வைத்தால் முதியவர் நடுவீதியில் நிற்பார். வாகனப் பச்சைக்கு 3 முதல் 7 செக்கன் முன்னதாகவே பாதசாரிப் பச்சையை எரியவிட்டால், திரும்பும் வண்டி அசையும்போது நடப்பவர் ஏற்கெனவே கண்ணில் படும் இடத்தில் இருப்பார். இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம், கட்டுப்பாட்டுப் பெட்டியில் நேரத்தை மாற்றினால் போதும். ஆனால் காலை மாலை நெரிசலில் பொலிஸார் விளக்கை நிறுத்திவிட்டுக் கையால் போக்குவரத்தை நடத்தும் பழக்கம் இருக்கும் வரை இந்தத் திருத்தம் எதுவும் பலிக்காது. கையால் நடத்தும்போது வாகன வரிசை முடியும் வரை ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது, பாதசாரியின் முறை எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வைத்தால் மனிதர் இடைவெளி பார்த்து ஓடத்தான் செய்வார். கையால் நடத்துவதைத் தேர், ஊர்வலம், விளக்குப் பழுது என்ற நேரங்களோடு நிறுத்திக்கொள்ளும்படி போக்குவரத்துப் பொலிஸ் பிரிவைக் கேட்டுக்கொள்கிறோம்.

நடைமேம்பாலம் கட்டினால் எல்லாம் தீரும் என்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. பஸ்ஸும் கொள்கலன் லொறியும் கீழே போக இடைவெளி விட்டு, தளத்தின் தடிப்பையும் சேர்த்தால் ஏறும் உயரம் ஏறத்தாழ 6 மீற்றர். 150 மில்லிமீற்றர் படியானால் ஏற 40, இறங்க 40. சக்கர நாற்காலிக்கு 12க்கு 1 என்ற சரிவில் பாதை அமைத்தால் ஒரு பக்கத்துக்கே 72 மீற்றர், நடுவில் ஓய்வுத் தளங்கள் தனி. கடக்க வேண்டிய வீதியோ 14 மீற்றர். முழங்கால் வலியோடு மரக்கறிப் பையைச் சுமந்து நிற்கும் அம்மாவுக்கு இதை யார் பரிந்துரைக்கிறார்கள் என்று தெரியவில்லை. பாலத்தின் தூண்களும் படிகளும் கீழே இருக்கும் நடைபாதையில் பாதியைத் தின்றுவிடுவது இன்னொரு பக்கம். அதிவேக நெடுஞ்சாலைக்குப் பாலம் சரி, கடைத்தெருவுக்குத் தரைமட்டக் கடவைதான் சரி.

மரைன் டிரைவ் பக்கம் கவனம் இன்னும் குறைவு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி நிலையங்கள் கடல் பக்கத்தில், ஊர் மறுபக்கத்தில், நடுவே வீதி. மாலை ரயில் வந்து நின்றால் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கடக்கிறார்கள். பிறகு அடுத்த ரயில் வரும் வரை அங்கே யாரும் இல்லை. இடைப்பட்ட வெறுமைக்குப் பழகிய சாரதி ரயில் வரும் நிமிடத்திலும் அதே வேகத்தில்தான் வருவார். நிலைய வாசலுக்கு நேரே 75 முதல் 100 மில்லிமீற்றர் உயர்ந்த, மேல்தளம் குறைந்தது 4 மீற்றர் அகலமான மேடைக்கடவை போட்டால் அது இருபத்துநாலு மணிநேரமும் வேலை செய்யும். ஆணி அடித்த ஒடுங்கிய ரப்பர் வேகத்தடையை அங்கே போட வேண்டாம். ஆணி கழன்று மேலே நீட்டும், மோட்டார் சைக்கிள் ஓரத்து இடைவெளியால் நழுவும். கடற்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை: இரும்புக் குட்டைத் தூணில் வர்ணம் ஒருமுறை கீறுப்பட்டால் போதும், அடியில் துருப்பிடித்து, வெட்டிய கம்பி முனைதான் மிஞ்சும். கடல் பக்கத்தில் கொங்கிறீட் தூணே நல்லது. உயரம் 90 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. முழங்கால் உயரத் தூண், பின்னோக்கி வரும் சாரதிக்கும் தெரியாது, பார்வையற்றவருக்கும் தெரியாது. தூண்களுக்கிடையே 1.2 முதல் 1.5 மீற்றர் விட்டால் நாற்காலி போகும், கார் போகாது.

நடைபாதையின் மிகப் பெரிய நோய் அதன் அடியில் இருக்கும் கான். சிலாப் மூடிகளைத்தான் நாம் நடைபாதை என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம். துப்புரவுக்காக அலவாங்கால் நெம்பித் தூக்கும்போது விளிம்பு உடைகிறது. திரும்ப வைக்கும்போது சரியாக உட்காராமல் ஆடுகிறது. ஒரு வேன் சக்கரத்தை ஏற்றித் தரித்ததும் நடுவில் பிளக்கிறது. எல்லா சிலாப்பையும் தூக்கத் தேவையில்லை. பத்து மீற்றருக்கு ஒன்று திறக்கும் மூடியாக இருந்தால் போதும், மற்றவற்றைச் சாந்தில் உட்கார்த்தி மட்டமாக்கிவிடலாம். திறக்கும் மூடி இரும்பாக இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும், அதனால் கொங்கிறீட்டே போடுங்கள். வாகன வாசல்களில் சிலாப்பின் தடிப்பைக் கூட்ட வேண்டும். தொடர்மாடிகளின் கார் வாசலுக்காக நடைபாதை முழுவதையும் சரித்துவிடுவதும் தவறு. வீதியோரமாக உள்ள 60 சென்ரிமீற்றருக்குள் காருக்கான சரிவை முடித்துவிட்டு, நடக்கும் பகுதியை மட்டமாகவே விட வேண்டும். நடப்பதற்குத் தெளிவான அகலம் 1.8 மீற்றர், கம்பமோ மரமோ குறுக்கிடும் இடத்தில் 1.2க்குக் குறையக் கூடாது. ஓரக்கல் 150 மில்லிமீற்றர் என்றால் இறங்கு சரிவு 1.8 மீற்றர் நீளம் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இலேயே வர்த்தமானியில் வந்துவிட்டன. ஆனாலும் பார்வையற்றோருக்கான மேடுபள்ளக் கல் வரிசை மின்கம்பத்தில் போய் முட்டும் காட்சியை நகரில் இன்றும் காணலாம்.

குழாய்க்காகத் தோண்டுவது இன்னொரு தலைவலி. தோண்டிய மண்ணையே மொத்தமாகத் தள்ளி, மேலே ஒரு பிடி தார் போட்டு மூடினால் அடுத்த மழையில் தாழும். 150 மில்லிமீற்றர் படையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் இயந்திரத்தால் இறுக்கி, மேற்படைக்கு ஏ.பி.சி. எனப்படும் அடித்தளக் கலவைச் சல்லி போட்டால் தாழாது. தோண்டும் நிறுவனத்திடம் வைப்புப்பணம் வாங்கி, ஒரு பருவமழை கடந்த பிறகே திருப்பிக் கொடுப்பது என்று விதி செய்தால் மேற்பார்வைக்கு ஆள் தேட வேண்டியிருக்காது.

புறக்கோட்டைக்கு இதே மருந்து அப்படியே பொருந்தாது. குறுக்குத் தெருக்களிலும் கெய்ஸர் வீதியிலும் நாட்டாமிகளின் கைவண்டி, நடைபாதை வியாபாரி, பொருள் இறக்கும் லொறி எல்லாம் ஒரே இடத்துக்காகப் போட்டியிடுகின்றன. அங்கே நேரத்தால் பிரிப்பதே நடைமுறை: லொறி இரவிலும் அதிகாலையிலும், பகலில் நடப்பவர்களும் கைவண்டியும் மட்டும். வியாபாரிகளைத் துரத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. தெருவில் கண்கள் இருப்பதும் ஒரு பாதுகாப்பு. ஓரத்தில் ஒரு மீற்றர் பட்டி குறித்துக் கொடுத்து, அதைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்வது போதும்.

கடைக்காரர்களின் பயம் நியாயமானது: வாசலில் கார் தரிக்காவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார். ஒரு கார் தரிக்கும் இடம் ஏறத்தாழ 5.5 மீற்றர் நீளம். பெரும்பாலும் அதில் காலையிலிருந்து நிற்பது வாடிக்கையாளரின் காரல்ல, கடைக்குச் சொந்தமான வேன். ஒரு மணிநேர எல்லை வைத்தால் அதே இடம் பலருக்குப் பயன்படும். சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கிக் காரின் பங்கைக் குறைத்தார்கள். இங்கிருந்து துணி எடுக்கப் போகிறவர்கள் அதில் நடந்து பார்த்திருப்பார்கள். நம்மவர் பலர் வாழும் ஒஸ்லோவில், நகர மையத்தின் வீதியோரத் தரிப்பிடங்களில் 700 அளவில் எடுத்துவிட்டு, வேக எல்லைகளையும் குறைத்தார்கள். 2019இல் அந்த நகர வீதிகளில் ஒரு பாதசாரியும் இறக்கவில்லை, ஒரு சைக்கிளோட்டியும் இறக்கவில்லை. சைக்கிள் என்றதும் நினைவுக்கு வருவது 2022 எரிபொருள் நெருக்கடி. அப்போது கொழும்பில் சைக்கிளில் இறங்கியவர்கள் திரும்ப வீட்டுக்குள் போனது பெற்றோல் வந்ததால் மட்டுமல்ல, பஸ்ஸுக்கும் தரித்த காருக்கும் நடுவே ஓட்டப் பயந்ததாலும்தான்.

எங்கள் கோரிக்கை சிறியது. வெள்ளவத்தையில் அடுத்தடுத்து வரும் நான்கு ஒழுங்கை முகப்புகளை எடுத்து, கொங்கிறீட்டுக்கு முன்னால் வர்ணத்தாலும் வளையும் பிளாஸ்டிக் தூண்களாலும் சோதித்துப் பாருங்கள். ஒரு முகப்புக்குப் பதினைந்து தூண் அளவில் போதும். இரவு 10 மணிக்குத் தொடங்கினால் காலை நெரிசலுக்கு முன் முடித்துவிடலாம். பூச்சட்டி வைப்பதானால் அடியில் தண்ணீர் தேங்கும் தட்டு வேண்டாம். தூண்களைக் கழற்றி மாட்டும் குழிகளில் பொருத்துங்கள். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே வரும் நாளில் அவை குறுக்கே நிற்கக் கூடாது.

சோதனை என்றால் அளவு வேண்டும். சாலையோரம் 50 மீற்றர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டு, கைபேசிக் கடிகாரத்தால் நேரம் பாருங்கள்: 3.6 செக்கனில் கடந்தால் மணிக்கு 50, 6 செக்கன் எடுத்தால் 30. நெரிசல் இல்லாத நேரத்தில் 100 வண்டிகளை அளந்து, வேகத்தின்படி ஏறுவரிசைப்படுத்தி, 85ஆவது வண்டியின் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரியை விட அந்த எண்தான் வீதியின் குணத்தைச் சொல்லும். திரும்பும் வண்டி நடப்பவருக்காக நின்றதா இல்லையா என்று முகப்பில் நின்று தனியாக எண்ணுங்கள். பாடசாலை நடக்கும் செவ்வாய், புதன், வியாழனில் காலை 7, பகல் 1.30, மாலை 5 மணிக்கு எண்ணினால் நல்லது. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் எண்ணினால் எந்த முடிவும் பொய்யாகும். போடுவதற்கு முன் ஒருமுறை, ஆறு வாரம் கழித்து ஒருமுறை, இரண்டும் ஒரே மணிநேரத்தில். திரும்பக் காத்திருக்கும் கார்களால் காலி வீதி பஸ் வரிசை நீண்டதா என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அது நீண்டிருந்தால், அல்லது வேகம் குறையாவிட்டால், தூண்களை ஓர் இரவில் கழற்றிவிடலாம், நாங்கள் மறுக்க மாட்டோம். குறைந்திருந்தால், மழை ஓயும் ஜனவரி முதல் மார்ச் வரை நிரந்தர வேலையைச் செய்யலாம், நீர்க்குழிகளை முதலில் கட்டி.

இப்படிக்கு,
வீதி வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் பணியாற்றியவர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.